அக்ரிலிக் பேனலில் ரிஃப்ளெக்டிவ் ஃபிலிம்: குறையைப் பார்த்துக் காரணம் அறிய

ஜன்னல் கண்ணாடிக்கென்று செய்த, உலோகம் பூசிய, ஒளியைத் திருப்பும் ஃபிலிமைக் கணினி கேபினெட்டின் அக்ரிலிக் பேனலில் ஒட்டும்போது வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். அக்ரிலிக் ஒரு பிளாஸ்டிக், கண்ணாடி அல்ல. கண்ணாடி ஈரத்தைக் குடிக்காது, அக்ரிலிக் குடிக்கும். ஒரே அளவு சூட்டில் அக்ரிலிக் கண்ணாடியைவிடச் சுமார் எட்டு மடங்கு நீளும். கண்ணாடியைப் பிளேடால் சுரண்டலாம், எந்தக் கிளீனராலும் துடைக்கலாம். அக்ரிலிக்கில் இரண்டுமே கெடுதல். கண்ணாடிக்கு எழுதிய வழிமுறையை அப்படியே பின்பற்றினால், ஒட்டிய அன்று பேனல் பளபளவென்று இருக்கும், மூன்றாவது வாரம் கொப்புளம் போட்டுவிடும்.

ஆகவே குறையைத் திருத்தப் போகுமுன் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: இது எப்போது தெரிந்தது? ஒட்டும்போதே தெரிந்தால் தூசி, சோப்பு நீர், கைப்பழக்கம் இவற்றில் ஏதோ ஒன்று காரணம். மறுநாள் தெரிந்தால் உள்ளே தங்கிய நீர் அல்லது காற்று. வாரக்கணக்கில் கழித்துத் தெரிந்தால் அக்ரிலிக்கே எதையோ வெளியே விடுகிறது, அல்லது நீண்டு சுருங்குகிறது. கேபினெட்டுக்குள் எல்இடி விளக்கைப் போட்ட பிறகுதான் தெரிந்தது என்றால் ஒட்டியதில் தவறே இல்லாமல் இருக்கலாம், ஃபிலிம் தேர்வைப் பாருங்கள்.

கீழே வரும் திருத்தங்கள் எல்லாம் பின்வரும் அடிப்படை முறையை வைத்தே சொல்லப்படுகின்றன. 3 அல்லது 5 மி.மீ. அக்ரிலிக், அழுத்தினால் ஒட்டும் பசையுள்ள பாலியெஸ்டர் ஃபிலிம், 500 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 3 முதல் 4 சொட்டு பேபி ஷாம்பு, நீரை வழித்துத் தள்ள ரப்பர் முனையுள்ள ஸ்குவீஜி ஒன்று, விறைப்பான பிளாஸ்டிக் அட்டை ஒன்று, பஞ்சு உதிராத மைக்ரோஃபைபர் துணி, புதிதாக முனை ஒடித்த கட்டர் பிளேடு. பேனலைக் கேபினெட்டிலிருந்து கழற்றி வேறிடத்தில் வைத்து ஒட்டுங்கள். ஒட்டி 48 மணி நேரமாவது ஆகாமல் திரும்ப மாட்டாதீர்கள். ஓரத்திலிருந்து ஒழுகும் ஒரு சொட்டு நீர் மதர்போர்டுக்குப் போதும்.

ஃபிலிம் ஒட்டவே மாட்டேன் என்கிறது, வழுக்கிக்கொண்டே இருக்கிறது

முதலில், ஃபிலிமின் பசைப்பக்கத்தை மூடியிருக்கும் லைனரை உரித்தீர்களா என்று பாருங்கள். லைனர் கண்ணுக்குத் தெரியாத அளவு தெளிவாக இருக்கும். அதை உரிக்காமல், கீறல் தாங்கும் பூச்சு உள்ள பக்கத்தையே பேனலில் வைத்து மணிக்கணக்கில் தேய்ப்பது அடிக்கடி நடப்பது. ஒரு மூலையில் மேலும் கீழுமாக இரண்டு சிறு செலோ டேப் துண்டுகளை ஒட்டி, இரண்டையும் எதிரெதிரே சட்டென்று இழுங்கள். பிரிந்து வரும் தெளிவான தாள்தான் லைனர். மிச்சமிருக்கும் ஃபிலிமில் பிசுபிசுக்கும் பக்கம்தான் பேனலுக்கு.

லைனர் போய்விட்டது, இன்னும் வழுக்குகிறது என்றால் ஷாம்பு கூடிவிட்டது. நுரை வழியுமளவுக்குச் சோப்பு போட்டால் பசைக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவே ஒரு சோப்புப் படலம் நின்றுவிடும். ஃபிலிமைத் தூக்கி, இரு பக்கத்தையும் வெறும் நீரால் நனைத்துக் கழுவி, மறுபடி படுக்க வைத்து அழுத்துங்கள். கண்டிஷனர் கலந்த ஷாம்புவும், கை மென்மைக்கென்று எதையாவது சேர்த்த பாத்திர சோப்பும் வேண்டாம். அந்த எண்ணெய்ப்பசை காயவே காயாது.

மூன்றாவது காரணம் பசையின் வகை. நீர் பட்டால்தான் விழிக்கும் உலர்பசை ஃபிலிம்கள் கண்ணாடியின் மேற்பரப்புக்காகச் செய்யப்பட்டவை. அக்ரிலிக்கில் அவை அரைகுறையாகவே பிடிக்கும். பசையே இல்லாமல் ஒட்டும் ஸ்டாட்டிக் ஃபிலிமும் அப்படித்தான். தற்காலிகமாகப் பார்க்க உதவும், ஆனால் கேபினெட்டின் சூட்டிலும் அதிர்விலும் ஓரம் கழன்றுவிடும். அதற்குத் திருத்தம் கிடையாது, ஃபிலிமை மாற்ற வேண்டும்.

வைத்த இடத்திலேயே கவ்விக்கொண்டது, நகர்த்த முடியவில்லை

நீர் குறைவு, அல்லது பேனலின் ஒரு பகுதி காய்ந்துவிட்டது. பிய்த்து இழுக்காதீர்கள். உலோகப் பூச்சு மில்லிமீட்டரில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். பாலியெஸ்டர் இழுபட்டால் அது விரிசல் விட்டு நிரந்தரக் கோடாக நிற்கும். அருகிலுள்ள மூலையிலிருந்து மெல்லத் தூக்கி, பிரியும் கோட்டில் நீரை அடித்துக்கொண்டே வாருங்கள். மறுபடி படுக்க வைக்குமுன் பேனல், பசைப்பக்கம் இரண்டும் நீர் வழிய நனைந்திருக்க வேண்டும். இந்த வேலையில் நீர் அதிகமானதால் கெட்டது எதுவும் இல்லை.

நடுவில் கடினமான புள்ளியோடு குட்டிக் கூடாரங்கள்

இது தூசி. விரல் நுனியால் தடவினால் மணல் போல உறுத்தும். அக்ரிலிக்கின் பாதுகாப்புத் தாளை உரிக்கும் நொடியில் நிலைமின்சாரம் ஏறி, சுற்றிலுமுள்ள தூசி அத்தனையையும் இழுத்துக்கொள்கிறது. உலர்துணியால் துடைத்தால் மின்னேற்றம் இன்னும் கூடும். துடைக்கத் துடைக்கத் தூசி சேர்வது இதனால்தான்.

பாதுகாப்புத் தாளை ஒட்டுவதற்கு நிமிடங்கள் முன்பு மட்டும் உரியுங்கள், உரித்த உடனே சோப்பு நீரால் நனையுங்கள். ஒட்டும் பக்கத்தைக் கையால் வழித்துக் கழுவி, ஸ்குவீஜியால் வடித்து, மீண்டும் நனையுங்கள். இப்படி மூன்று முறை. லைனரை உரிக்கும்போது ஒருவர் உரிக்க, இன்னொருவர் வெளிப்படும் பசையின்மேல் தொடர்ந்து நீர் தெளிக்க வேண்டும். தனியாளாக இருந்தால் லைனரை மூன்றில் ஒரு பங்கு உரித்து நனைத்து, பிறகு மீதியை உரியுங்கள். மின்விசிறி, ஏசி இரண்டும் நிறுத்தப்பட்டிருக்கட்டும். குளியலறையில் வெந்நீரைச் சில நிமிடம் திறந்துவிட்டு, ஆவி அடங்கியதும் அங்கேயே ஒட்டினால் காற்றிலுள்ள தூசி கீழே அமர்ந்திருக்கும்.

ஒட்டிய பிறகு கண்டுபிடித்தால், முதல் அரை மணி நேரத்துக்குள் என்றால் அருகிலுள்ள ஓரத்தைத் தூக்கி, நீரைப் பீச்சித் தூசியை அடித்துக்கொண்டு போகச் செய்யலாம். விரலால் எடுக்காதீர்கள், விரல்ரேகை பசையில் பதியும். பசை பிடித்த பிறகு தூக்கினால் ஒரு தூசியை எடுக்கப்போய் பசையில் கோடு விழும். பேனலில் இரண்டு மூன்று புள்ளிகள்தான் என்றால் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். ஒரு கை நீளம் தள்ளிப் பார்த்தால் தெரியாது.

குமிழிகள்

இங்கேதான் மிக அதிகமாகக் குழப்பம் வருகிறது. ஏனென்றால் மூன்று வேறு வேறு பொருள்கள் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதைக் கெடுக்கும். ஊசியைத் தேடுமுன் எந்தக் குமிழி என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நீர்க் குமிழி விரலால் அழுத்தினால் நகரும், மெத்தென்றிருக்கும், ஓரம் ஒழுங்கற்று இருக்கும். ஒட்டிய அன்றோ மறுநாளோ தெரியும். பட்டாணி அளவு வரை இருந்தால் எதுவும் செய்ய வேண்டாம். நீர், ஃபிலிம் வழியாகவும் ஓரங்கள் வழியாகவும் மெல்ல ஆவியாகிப் போகும். உலோகப் பூச்சு ஆவியை மறிப்பதால் சாதாரண நிற ஃபிலிமைவிட இதற்கு அதிக நாள் பிடிக்கும், நான்கிலிருந்து ஆறு வாரம் வரை பொறுங்கள். அதைவிடப் பெரிதாக இருந்தால், முதல் நாளிலேயே ஃபிலிமின் வெளிப்பக்கத்தை நனைத்து, அட்டைக்கு ஈரத்துணி சுற்றி, குமிழியிலிருந்து மிக அருகிலுள்ள ஓரத்தை நோக்கி ஒரே திசையில் தள்ளுங்கள். இரண்டாம் நாளுக்கு மேல் தள்ளினால் பாதி பிடித்த பசை கலைந்து நிழல்போன்ற வரி விழும்.

காற்றுக் குமிழி அழுத்தினால் தட்டையாகும், கையை எடுத்ததும் அதே இடத்தில் எழும்பும். வெள்ளி நிறத்தில் தெளிவான ஓரத்தோடு இருக்கும். ஸ்குவீஜி அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறது, அல்லது ஓரத்திலிருந்து நடுவுக்கு ஓட்டியிருக்கிறீர்கள். காத்திருந்தால் இது சிறிதளவே குறையும். ஒரு நாளுக்குள் என்றால் நீர்க் குமிழியைப் போலவே ஓரத்துக்குத் தள்ளுங்கள். பிறகு என்றால் ஊசிதான்: இன்சுலின் போடும் 30 கேஜ் ஊசியைப் படுக்கை வாக்கில் சாய்த்து, குமிழியின் உச்சியில் குத்தாமல் அதன் அடிவாரத்தில் குத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து துளையை நோக்கி அழுத்துங்கள். ஊசி முனை அக்ரிலிக்கைத் தொடக் கூடாது. துளை பகலில் தெரியாது, உள்ளே எல்இடி எரியும்போது நட்சத்திரம்போல் மின்னும். விளக்குக்கு நேர் எதிரே இருக்கும் குமிழியைக் குத்துவதைவிட அப்படியே விடுவது மேல்.

மூன்றாவது, அக்ரிலிக் வெளிவிடும் ஆவியால் வரும் குமிழி. ஒட்டியபோது பேனலில் குறையே இருந்திருக்காது. சில நாள் முதல் சில வாரம் கழித்து, பேனல் முழுக்கப் பரவலாக, உருண்டையான சிறு குமிழிகள் எழும். கேபினெட் சூடாக ஓடும் நாளில் பெரிதாகும், குளிர்ந்தால் சற்றுச் சுருங்கும். கிராபிக்ஸ் கார்டுக்கு எதிரே உள்ள இடத்தில் அடர்த்தியாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

காரணம் இது. அக்ரிலிக்கை ஒரு நாள் நீரில் போட்டால் எடையில் சுமார் 0.3 சதவீதம் ஈரம் ஏறும். நீண்ட நாள் ஈரத்தில் இருந்தால் 2 சதவீதம்வரை போகும். அந்த ஈரம் சூட்டில் வெளியேறப் பார்க்கும். ஒரு பக்கத்தை உலோகம் பூசிய பாலியெஸ்டரால் மூடிவிட்டால் அந்தப் பக்கம் வருவது பசைக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். கண்ணாடியில் இந்தச் சிக்கலே கிடையாது. ஃபிலிமோடு வரும் வழிமுறைத் தாள் இதைப் பற்றிப் பேசாததும் அதனால்தான். பாலிகார்பனேட் என்ற இன்னொரு வகைத் தெளிவான பிளாஸ்டிக் தகட்டில் இது இன்னும் மோசம். பாலிகார்பனேட் பேனலில் இந்த வகை ஃபிலிமை ஒட்டாமலிருப்பதே நல்லது.

வந்துவிட்ட ஆவிக் குமிழிக்கு ஊசி பயனில்லை. குத்திய இடத்துக்குப் பக்கத்தில் அடுத்தது எழும். உரித்து, பேனலை உலர்த்தி, மறுபடி ஒட்டுவதுதான் ஒரே வழி. காஸ்ட் அக்ரிலிக்கை (அச்சில் ஊற்றி வார்த்த தகடு) 80 டிகிரியில், மில்லிமீட்டருக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில், ஆனால் 2 மணி நேரத்துக்குக் குறையாமல், தட்டையான தட்டில் படுக்க வைத்து அவன் (oven) அடுப்பில் வைக்கலாம். பிறகு அடுப்பை அணைத்து, கதவைத் திறக்காமல் தானாக ஆற விடுங்கள். எக்ஸ்ட்ரூடட் தகடு (உருக்கிப் பிதுக்கி எடுத்தது) என்றால் 70 டிகிரியைத் தாண்ட வேண்டாம். பாதுகாப்புத் தாள் இரண்டும் முன்பே உரிக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உருகி ஒட்டிவிடும். தனி வெப்பமானி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். வீட்டு அவன்களின் முள் காட்டுவதும் உள்ளே இருப்பதும் 15, 20 டிகிரி வேறுபடலாம். அக்ரிலிக் 100 டிகிரியை நெருங்கினாலே குழைந்து வளைந்துவிடும். அவன் இல்லையென்றால் இருபக்கத் தாளையும் உரித்து, உலர்ந்த வெதுவெதுப்பான அறையில் ஒரு வாரம் காற்றுப்பட நிறுத்தி வையுங்கள். அவன் அளவுக்குப் பலன் இருக்காது என்றாலும் தாளோடு மூலையில் சாய்த்து வைத்திருந்த தகட்டை எடுத்தவுடன் ஒட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

தகடு தயாரா என்று தெரியாமல் முழு ஃபிலிமையும் செலவழிக்க வேண்டியதில்லை. அதே தகட்டில் மிஞ்சிய துண்டில் 10 செ.மீ. சதுர ஃபிலிமை ஒட்டி, ஒரு நாள் ஆறவிட்டு, பிறகு 60 டிகிரியில் ஒரு பகல் வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் பேனலிலும் வரும்.

பால் ஊற்றினாற்போல மங்கல், அல்லது பூப்பூவாக வெள்ளைத் திட்டு

முதல் வாரத்தில் முழுப் பரப்பிலும் சீராக இருக்கும் மங்கல் நீர்தான், காய்ந்தால் தெளியும். அவசரப்பட்டு ஹேர் ட்ரையரால் சுட வைத்தால் நீர் ஆவியாகி அந்த இடத்திலேயே குமிழியாகும்.

ஆறு வாரமாகியும் போகாத திட்டு என்றால், நீர் போய் அதிலிருந்த உப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. கிணற்று நீர், குழாய் நீர் என்று உப்புக் கூடிய எதைப் பயன்படுத்தினாலும் இது வரும். காய்ச்சினால் உப்பு போகாது. வடித்த நீரோ ஆர்ஓ நீரோதான் வேண்டும். நீளமாக, ஸ்குவீஜி ஓடிய திசையிலேயே வரிவரியாக இருக்கும் மங்கல் சோப்பு மிச்சம். இந்த இரண்டையும் வெளியிலிருந்து நீக்க வழியில்லை.

விளிம்பில் விரல்விரலாகச் சுருக்கம், நடுவில் மடிப்புக் கோடு

விளிம்பில் முக்கோண வடிவில் எழும் சுருக்கம், ஸ்குவீஜியை அதிகமாகச் சாய்த்து ஃபிலிமை முன்னே தள்ளியதால் வருவது. விளிம்பிலிருந்து அதன் முனைவரை தூக்கி, நனைத்து, இரு பக்கமும் விசிறிபோல் பிரித்து அழுத்தினால் படிந்துவிடும். ஒட்டும் வரிசை முக்கியம். முதலில் நடுவில் குறுக்காக ஒரு ஓட்டம், அதிலிருந்து மேலே, பிறகு கீழே. ஒவ்வொரு ஓட்டமும் முந்தியதன் மீது பாதி ஏறட்டும். ஃபிலிமின் வெளிப்பக்கமும் நனைந்திருந்தால்தான் ஸ்குவீஜி வழுக்கும். காய்ந்த ஃபிலிமில் அது தத்தித் தத்திப் போகும்போதுதான் சுருக்கம் பிறக்கிறது.

கூர்மையான மடிப்பு வேறு. அங்கே உலோகப் பூச்சு உடைந்துவிட்டது. அழுத்தினால் தட்டையாகும், ஆனால் பின்னால் வெளிச்சம் வந்ததும் வெண்கோடாகத் தெரியும். அந்தத் துண்டை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வெட்டுங்கள்.

விளிம்பு சில நாளில் எழும்புகிறது

இதற்குக் காரணம் பெரும்பாலும் வெட்டிய விதத்தில் இருக்கும். ஃபிலிம் பேனலின் விளிம்புவரை சரியாக நின்றாலோ, ஓர் இழை வெளியே நீட்டினாலோ, பேனலை மாட்டிக் கழற்றும்போதெல்லாம் சட்டகம் அதைத் தட்டிக் கிளப்பும். ஃபிலிம் நாலு பக்கமும் 1 முதல் 2 மி.மீ. உள்ளே நிற்க வேண்டும். அந்த இடைவெளி சட்டகத்துக்குள் மறைந்துவிடும்.

ஆனால் ஃபிலிமைப் பேனலின் மீதே வைத்துப் பிளேடால் வெட்டாதீர்கள். அக்ரிலிக்கைக் கீறி ஒடித்துத்தான் வெட்டுகிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். பேனலின் முகத்தில் விழும் ஒரு பிளேடு கீறல், பின்னாளில் ஸ்க்ரூ இறுக்கும்போது விரிசலாக ஓடலாம். நல்ல வழி, லைனர் இருக்கும்போதே வெட்டும் பாயில் வைத்து, பேனலின் அளவைவிட நீளத்திலும் அகலத்திலும் 2 முதல் 3 மி.மீ. குறைத்து வெட்டுவது. வழுக்கும் நீரில் சரியாக அமர்த்திக்கொள்ளலாம். கை நடுங்கும் என்றால் ஒவ்வொரு பக்கமும் 15 மி.மீ. அதிகமாக விட்டு ஒட்டி, பிளேடைப் பேனலின் பக்கவாட்டு விளிம்பில் 45 டிகிரி சாய்த்து, முகத்தைத் தொடாமல் வெட்டலாம். அப்போது விளிம்புக்கு முந்தைய அந்த இடைவெளி கிடைக்காது, அதனால் சட்டகம் உரசாத பேனலுக்கு மட்டும் இது பொருந்தும்.

வெட்டு சரி, இன்னும் எழும்புகிறது என்றால் விளிம்பில் நீர் தங்கியிருந்திருக்கிறது. ஒட்டிய நாளில் கடைசி வேலையாக, அட்டையில் காகிதத் துண்டைச் சுற்றி நாலு விளிம்பிலும் அழுத்தி ஓட்டுங்கள், காகிதம் நனையாமல் வரும்வரை. அரை மணி கழித்து மறுபடி ஒரு முறை.

ஸ்க்ரூ துளையைச் சுற்றிச் சுருக்கம் அல்லது வெடிப்பு

துளைகளை ஒட்டுவதற்கு முன்பே போட்டு முடியுங்கள். ஒட்டிய பிறகு துளையிட்டால் ட்ரில் சூட்டில் பசை இளகி ஃபிலிம் முறுக்கிக்கொள்ளும். துளையின் விட்டம் ஸ்க்ரூவைவிட 1 முதல் 2 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். துளையைச் சுற்றி வாஷர் அளவுக்கு ஃபிலிமை வட்டமாக நீக்கிவிட்டால் வாஷர் அக்ரிலிக்கின் மேலேயே உட்காரும். ரப்பர் அல்லது நைலான் வாஷர் போட்டு, கை இறுக்கத்தோடு நிறுத்துங்கள்.

450 மி.மீ. உயரமுள்ள பேனல் 20 டிகிரி சூடேறினால் சுமார் 0.6 மி.மீ. நீளும். பாலியெஸ்டர் ஃபிலிம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட நீளாது. துளைகள் ஸ்க்ரூவை இறுகப் பிடித்திருந்தால் அந்த நீட்சிக்குப் போக இடமில்லாமல் பேனல் வளையும்.

பேனலே வளைந்துவிட்டது

குளிர்ந்த நிலையில் நேராகவும் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு வளைந்தும் இருந்தால், உட்பக்கம் சூடாகவும் வெளிப்பக்கம் குளிராகவும் இருப்பதே முதல் காரணம். ஃபிலிம் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்து வைத்திருப்பது அடுத்தது. ஸ்க்ரூக்களைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள், பல பேனல்கள் அதோடு நேராகும். கிராபிக்ஸ் கார்டு பேனலை நோக்கி நேராகச் சூடு ஊதுகிறது என்றால் கேபினெட்டின் விசிறி அமைப்பைத் திருத்துங்கள். புதிதாக வெட்டுகிறீர்கள் என்றால் பெரிய பேனலுக்கு 3 மி.மீ. போதாது, 5 மி.மீ. எடுங்கள்.

எப்போதும் வளைந்தே இருந்தால், ஒட்டும்போது ஃபிலிமை இழுத்து ஒட்டியிருக்கிறீர்கள், அல்லது தகடு ஒரு பக்கம் மட்டும் ஈரம் வற்றியிருக்கிறது. சில வாரம் தட்டையான பலகையில் எடை வைத்துப் பார்க்கலாம்.

ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள்

இது ஃபிலிமின் குறை இல்லை. லேசரில் வெட்டிய அல்லது அறுத்த ஓரத்தில் உள்ளிறுக்கம் தங்கியிருக்கும். அங்கே ஐசோபுரோபைல் ஆல்கஹாலோ, அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரோ பட்டால் நிமிடங்களிலேயே வெள்ளை மயிரிழைகள் ஓடத் தொடங்கும். அசிட்டோன், தின்னர் இரண்டும் தகட்டையே கரைத்துவிடும். வந்த வெடிப்பு போகாது. வராமல் தடுக்க, வெட்டிய பிறகு மேலே சொன்ன 80 டிகிரி (எக்ஸ்ட்ரூடட் என்றால் 70) சூடேற்றலைச் செய்யுங்கள். உள்ளிறுக்கமும் தளரும், ஈரமும் போகும், ஒரே வேலையில் இரண்டு பலன். சுத்தம் செய்ய மென்சோப்பு நீர் மட்டும்.

முகம் பார்க்கும் கண்ணாடிபோல் இல்லை, உள்ளே எல்லாம் தெரிகிறது

ரிஃப்ளெக்டிவ் ஃபிலிம் எந்தத் திசையிலும் ஒருவழிப் பாதை போடுவதில்லை. வெளிச்சம் கூடிய பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குக் கண்ணாடி, இருண்ட பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு ஜன்னல். அவ்வளவுதான். எல்இடி அணைந்திருக்கும்போது கண்ணாடியாகவும் போட்டால் ஜன்னலாகவும் மாறுவது இதனால்தான்.

அறை வெளிச்சம் ஃபிலிமைத் தாண்டி உள்ளே போய், பாகங்களில் பட்டு, மறுபடி ஃபிலிமைத் தாண்டி வெளியே வர வேண்டும். இரண்டு முறை வடிகட்டப்படுகிறது. ஒளி ஊடுருவல் 35 சதவீதம் உள்ள ஃபிலிமில் அப்படித் திரும்புவது அதிகபட்சம் 12 சதவீதம், 20 சதவீத ஃபிலிமில் 4, 5 சதவீத ஃபிலிமில் கால் சதவீதம். உள்ளிருக்கும் எல்இடி வெளிச்சமோ ஒரே முறைதான் கடக்கிறது. ஆகவே 35 சதவீத ஃபிலிம் வாங்கிவிட்டுக் கண்ணாடியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். 5 சதவீதத்தில் கண்ணாடி அருமையாக வரும், ஆனால் எல்இடி பிரகாசமாக இல்லாவிட்டால் உள்ளே எதுவும் தெரியாது. விளக்குள்ள கேபினெட்டுக்கு 15 முதல் 20 சதவீதமே சரியான இடம். பேனலே புகைநிற அக்ரிலிக் என்றால் இரண்டையும் பெருக்குங்கள். 50 சதவீத அக்ரிலிக் மேல் 20 சதவீத ஃபிலிம் போட்டால் மொத்தம் 10 சதவீதம்தான்.

ஃபிலிம் சரியாக இருந்தும் வயர்கள் தெரிந்தால், உள்ளே வேறு வழியாக வெளிச்சம் நுழைகிறது. மேல்பக்க வலை, ரேம் விளக்கு, மதர்போர்டின் சிறு சிவப்பு விளக்கு இவற்றைப் பாருங்கள். உட்சுவரைக் கருப்பாக்கி, வெள்ளை வயர்களுக்குக் கருப்பு உறை போட்டால் பெரிய வித்தியாசம் தெரியும்.

வாங்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். கருப்பு டின்ட் ஃபிலிம் வேறு, இது வேறு. சாயம் மட்டும் ஏற்றிய ஃபிலிம் இருட்டாக்கும், பிரதிபலிக்காது. நாளடைவில் ஊதா நிறமாகவும் மாறக்கூடும்.

பிம்பம் இரண்டாகத் தெரிகிறது

ஃபிலிம் பேனலின் உட்பக்கம் இருந்தால், அக்ரிலிக்கின் வெளிமுகம் சுமார் 4 சதவீத ஒளியைத் தானே திருப்பும், 3 அல்லது 5 மி.மீ. பின்னால் ஃபிலிம் வலுவாகத் திருப்பும். சாய்ந்து பார்த்தால் மங்கலான ஒரு நிழல் பிம்பம் தெரியும். வெளிப்பக்கம் ஒட்டினால் இது அநேகமாக மறையும், ஆனால் கைபடும், கீறல் விழும். பெரும்பாலான கேபினெட்டுகளுக்கு உட்பக்கமே சிறந்தது. நிழல் பிம்பத்தை ஒரு வாரத்தில் கண் மறந்துவிடும், கீறலை மறக்காது.

பிம்பம் அலையலையாக நெளிகிறது

ஃபிலிமை உரிக்குமுன் ஒட்டாத இன்னொரு அக்ரிலிக் துண்டைச் சாய்த்து, அதில் விளக்குக் குழாயின் பிம்பத்தைப் பாருங்கள். அதிலேயே நெளிந்தால் தகட்டின் இயல்பு அது. எக்ஸ்ட்ரூடட் தகட்டில் ஒரே திசையில் நீளக்கோடுகள் தெரிவதுண்டு. தகடு நேராக இருந்து, ஃபிலிமில் மட்டும் ஆரஞ்சுத் தோல்போல் நெளிவு தெரிந்தால் மெல்லிய ஃபிலிம் பசையின் மேடுபள்ளத்தைக் காட்டுகிறது. 25 மைக்ரானுக்குப் பதில் 50 மைக்ரான் ஃபிலிம் எடுத்தால் குறையும். அழுக்கற்ற, அசையாத பிம்பம்தான் வேண்டும், உள்ளே தெரிய வேண்டாம் என்றால், ஃபிலிமோடு போராடாமல், முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பிரதிபலிக்கும் மிரர் அக்ரிலிக் தகட்டையே வெட்டிப் போடுங்கள்.

வைஃபை வலுவிழந்துவிட்டது

உலோகப் பூச்சு ரேடியோ அலையை ஓரளவு மறிக்கும். ஆன்டெனா கேபினெட்டுக்கு வெளியே பின்பக்கம் இருந்தால் மாற்றம் தெரியாது. உள்ளேயே ஆன்டெனா வைத்த சிறு கேபினெட்டில், சுற்றிலும் இரும்பு இருக்க, அக்ரிலிக் பேனல் மட்டுமே அலைக்கு வாசலாக இருந்திருக்கும். ஆன்டெனாவை வெளியே எடுத்துவிடுங்கள்.

உரித்து மறுபடி ஒட்ட வேண்டியிருக்கிறது

ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, ஹேர் ட்ரையரால் கை பொறுக்கும் சூடு மட்டும் கொடுத்து, ஃபிலிமைத் தன்மேலேயே மடித்து, பேனலோடு ஒட்டினாற்போல மெல்ல இழுங்கள். ஹீட் கன் வேண்டாம், ஒரே இடத்தில் சில நொடி நின்றாலும் தகடு குழையும். வேகமாக இழுத்தால் ஃபிலிம் வரும், பசை பேனலில் தங்கும்.

தங்கிய பசைமேல் சோப்பு நீரில் ஊறிய காகிதத் துண்டுகளைப் பரப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓர் இரவு விடுங்கள். காலையில் பிளாஸ்டிக் அட்டையால் வழித்தால் பெரும்பகுதி சுருண்டு வரும். மிச்சத்தை மண்ணெண்ணெய் தொட்ட மென்துணியால், ஓரங்களைத் தவிர்த்து, திறந்த ஜன்னலருகே, நெருப்பு இல்லாத இடத்தில் துடையுங்கள். உடனே சோப்பு நீரால் இரண்டு முறை கழுவுங்கள், எண்ணெய்ப்பசை இருந்தால் அடுத்த ஃபிலிம் பிடிக்காது. பிளேடும் ஸ்டீல் நாரும் தொடக்கூடாதவை.

கழுவிய பேனல் ஓர் இரவு முழுக்க நீர் குடித்திருக்கிறது என்பதை மறக்காதீர்கள். அது மறுபடி உலர்ந்து, 10 செ.மீ. சதுரச் சோதனையில் குமிழியின்றித் தேறிய பிறகு புது லைனரை உரியுங்கள்.